வரிச்சீட்டு கவுண்டியிலிருந்து வருகிறது, காசு யாருக்குப் போகிறது? (காலின் கவுண்டி, டெக்சஸ்)

#1 நெல்லை_ஃபிரிஸ்கோ

வணக்கம் மக்களே. இந்த வருடச் சொத்து வரிச்சீட்டு வந்துவிட்டது. மேலே பெரிய எழுத்தில் காலின் கவுண்டி டாக்ஸ் அசெஸ்ஸர் கலெக்டர் என்று போட்டிருக்கிறது. கீழே ஒன்பதாயிரத்துச் சொச்சம் டாலர். மாநில வருமான வரி கிடையாது என்று ஊரெல்லாம் சொன்னதை நம்பித்தான் நியூஜெர்சியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். இங்கே அதை வேறு கையால் வாங்கிவிடுகிறார்கள்.

என் கேள்வி இதுதான்: இவ்வளவு வாங்கிக்கொண்டு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எனக்கு என்ன செய்கிறது? தெருவில் சாலை போட்டது நகராட்சி. குப்பை எடுப்பது நகராட்சி. டால்வேயில் ஏறினால் அதற்குத் தனியாகக் காசு. கவுண்டிக் கமிஷனருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன். கையெழுத்துப் போட யார் தயார்?

#2 மெக்கின்னி_மாமா

நான் முதல் ஆள். என் எஸ்க்ரோ கணக்கில் (வரி கட்டுவதற்காகப் பேங்க் மாதா மாதம் பிடித்து வைக்கும் பணம்) பற்றாக்குறை என்று பேங்க் கடிதம் அனுப்பி, மாதத் தவணையை ஏற்றிவிட்டது. ஏன் ஏறியது என்று கேட்டால் "வரி ஏறிவிட்டது" என்பதோடு பதில் முடிந்தது.

#3 செலினா_வாசி

நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள். புது வீடு, மட் (முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) வரி வேறு. பில்டர் ஆபீசில் அதைப் பற்றி ஒரே ஒரு வரியில் சொன்னார்கள், அதுவும் கையெழுத்துப் போடும் நேரத்தில். கடிதத்தில் என் பெயரையும் சேருங்கள்.

#4 கணக்குப்பிள்ளை

கடிதம் எழுதுங்கள், நல்ல விஷயம். ஆனால் அதற்கு முன்னால் வரிச்சீட்டின் இரண்டாம் பாதியை ஒருமுறை பாருங்கள். (நான் பக்கத்துக் கவுண்டியில், உள்ளூர் அரசு அலுவலகம் ஒன்றின் பட்ஜெட் பிரிவில் வேலை செய்கிறேன். காலின் கவுண்டியோடு எனக்கு உள்ள ஒரே உறவு, நானும் அங்கே வரி கட்டுகிறேன் என்பதுதான்.)

சீட்டு அனுப்புவது கவுண்டி. பணத்தை வசூலிப்பதும் கவுண்டி. ஆனால் நம் பகுதியில் பெரும்பாலான நகரங்களுக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அலுவலகம் வசூலிக்கிறது. வாங்கி அவரவர்க்குப் பிரித்துக் கொடுத்துவிடும். ஃபிரிஸ்கோவில் காலின் கவுண்டிப் பக்கம் வீடு இருந்தால் நான்கு பேர் வரி போடுகிறார்கள். 100 டாலர் மதிப்புக்குக் கிட்டத்தட்ட இப்படி:

பள்ளி மாவட்டம் 1 டாலர் 3 சென்ட்
நகரம் 43 சென்ட்
கவுண்டி 15 சென்ட்
காலின் காலேஜ் 8 சென்ட்

கவுண்டியின் சரியான விகிதம் 0.149343 டாலர். 2023-லும் அதுதான், 2024-லும் அதுதான். மொத்தத்தில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஹோம்ஸ்டெட் விலக்கு (குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரி போடாமல் கழிப்பது) ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் தருவதால் உங்கள் சீட்டில் பங்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பள்ளி வரிக்கு 2023-ல் ஒரு லட்சம் டாலராக்கினார்கள், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆகிவிட்டது. கவுண்டி தருவது 5 சதவீதம்.

செலினா_வாசி, மட் என்பது தனி அமைப்பு. உங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போட்ட கடனை அடைக்கிறீர்கள். கமிஷனருக்கு எழுதினால் அவர் "எனக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதுவார், அதுவும் உண்மைதான்.

#5 நெல்லை_ஃபிரிஸ்கோ

சீட்டை எடுத்துப் பார்த்தேன். கவுண்டி என்ற வரிசையில் 964 டாலர். பள்ளி 5,500-ஐத் தாண்டுகிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன், என் கோபம் கொஞ்சம் வேறு முகவரிக்குப் போக வேண்டும் போல. ஆனாலும் 964 என்பது சும்மா வந்த காசு இல்லையே. அதற்கு என்ன செய்கிறார்கள்?

#6 வேலு_பிளேனோ

கணக்குப்பிள்ளை சார், இது எல்லாரும் சொல்கிற சாக்கு. கவுண்டியிடம் போனால் "எங்கள் பங்கு சின்னது, பள்ளியைக் கேளுங்கள்" என்பார்கள். பள்ளியிடம் போனால் "நாங்கள் வாங்குவதில் ஒரு பகுதியை மாநிலம் ராபின் ஹூட் என்று பிடுங்கிக்கொள்கிறது, ஆஸ்டினைக் கேளுங்கள்" என்பார்கள். ஆஸ்டினிலோ, "மாநிலச் சொத்து வரியே கிடையாது, எல்லாம் உள்ளூர்க்காரர்கள் போடுவது" என்பார்கள். ஆளுக்கு ஒரு கை தண்ணீர் எடுத்தால் குடம் காலி. எடுத்தவனைக் கேட்டால் எல்லாருமே "ஒரு கைதான் எடுத்தேன்" என்பான்.

#7 கணக்குப்பிள்ளை

வேலு, நீங்கள் சொல்வது நியாயம்தான், அதை மறுக்க மாட்டேன். பிளேனோ பள்ளி மாவட்டம் வருடக்கணக்காக மாநிலத்துக்குத் திருப்பிக் கட்டிய மாவட்டங்களில் ஒன்று, அதுவும் உண்மை. நான் சொல்ல வந்தது கவுண்டியை விட்டுவிடுங்கள் என்பது இல்லை. கவுண்டி எதை முடிவு செய்கிறதோ அதைப் பற்றி, முடிவு செய்கிற நேரத்தில் போய்க் கேளுங்கள் என்கிறேன். வரிச்சீட்டு வந்த பிறகு கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நவம்பரில் நாம் கொதிக்கிறோம், முடிவு செப்டம்பருக்குள் எழுதி முடிந்துவிடுகிறது.

வருடம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஜனவரி 1 அன்று உள்ள மதிப்புதான் கணக்கு. ஏப்ரல் நடுவில், சொத்துகளை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் நோட்டீஸ் அனுப்பும். (அதுவும் கவுண்டி அரசின் துறை இல்லை, தனி அமைப்பு.) மே 15, அல்லது நோட்டீஸ் வந்து 30 நாள், இதில் எது பின்னால் வருகிறதோ அதற்குள் ப்ரொட்டெஸ்ட், அதாவது அந்த மதிப்பை எதிர்த்து மனு. ஜூலை கடைசியில் மொத்த மதிப்பை உறுதி செய்து எல்லா அமைப்புக்கும் கொடுப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொரு அமைப்பும் பட்ஜெட் போட்டு, பொதுக்கூட்டம் வைத்து, விகிதத்தை முடிவு செய்யும். அக்டோபர் 1 கவுண்டிக்குப் புது நிதியாண்டு. அப்புறம்தான் சீட்டு அச்சாகிறது.

நம்மவர்கள் மே மாதம் ப்ரொட்டெஸ்ட் செய்வதில் கெட்டிக்காரர்கள். வாட்ஸாப் குழுவில் பக்கத்து வீட்டு விற்பனை விலை, கூரை சேதாரப் படம், எல்லாம் பறக்கும். ஆகஸ்ட் வந்தால் ஆளே இருக்க மாட்டார்கள், பாதிப் பேர் இந்தியாவில்!

#8 கோமதி_எஸ்

ப்ரொட்டெஸ்ட் செய்வதால் பிரயோஜனம் இல்லை என்கிறீர்களா? நான் போன வருடம் நன்றாகவே குறைத்தேனே.

#9 கணக்குப்பிள்ளை

செய்யுங்கள் கோமதி, நானும் செய்கிறேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். மொத்தமாக எவ்வளவு பணம் வேண்டும் என்பதைக் கமிஷனர்கள் முடிவு செய்கிறார்கள். அதை யார் யார் எவ்வளவு சுமப்பது என்பதைத்தான் மதிப்பீடு முடிவு செய்கிறது. உங்கள் மதிப்பு குறைந்தால் உங்கள் பங்கு குறையும். எல்லாருடைய மதிப்பும் ஒரே அளவில் குறைந்தால் விகிதத்தை ஏற்றிக்கொண்டு அதே பணத்தை வசூலிக்கலாம், சட்டமும் அதற்கு இடம் தருகிறது.

இன்னொன்று. டெக்சஸில் விற்பனை விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய வணிகக் கட்டடங்களின் உண்மை விலை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குச் சுலபமாகத் தெரியாது, அவர்களிடம் வக்கீலும் உண்டு. அவர்கள் குறைத்துக்கொண்டால் சுமை வீட்டுக்காரர் பக்கம் சாய்கிறது.

#10 மெக்கின்னி_மாமா

ஆனால் "விகிதத்தை ஏற்றவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறோம்" என்று கவுண்டி சொல்கிறதே? அது நல்ல நிர்வாகம்தானே?

#11 கணக்குப்பிள்ளை

மாமா, இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 5 லட்சம் டாலர் வீடு என்று வையுங்கள். 5 சதவீத விலக்கு போக 4,75,000. கவுண்டி வரி சுமார் 709 டாலர். அடுத்த வருடம் மதிப்பு 8 சதவீதம் ஏறி 5,40,000. விகிதம் அதேதான். வரி சுமார் 766. விகிதத்தில் ஒரு புள்ளி மாறவில்லை, நீங்கள் 57 டாலர் அதிகம் கட்டுகிறீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வரம்பு இருப்பதால், அதைவிடப் பெரிய ஏற்றம் சில வருடங்களுக்குப் பரவி மெதுவாக வரும். அதனால் நமக்கு உறைப்பதும் இல்லை.

இதைப் பிடிப்பதற்காகவே சட்டத்தில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நோ நியூ ரெவின்யூ ரேட் என்று பெயர். போன வருடம் இருந்த அதே சொத்துகளிடமிருந்து அதே பணத்தை எடுக்க இந்த வருடம் எந்த விகிதம் போதும் என்ற கணக்கு அது. மதிப்பு ஏறினால் அந்த விகிதம் தானாக இறங்கும். கமிஷனர்கள் அதற்கு மேல் ஒரு விகிதத்தை நிறைவேற்றினால், அது போன வருட விகிதத்தைவிடக் குறைவாகவே இருந்தாலும், தீர்மானத்தை முன்மொழிபவர் "சொத்து வரி விகிதத்தை உயர்த்த முன்மொழிகிறேன், இது நடைமுறையில் இத்தனை சதவீத உயர்வு" என்ற பொருளில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பட்ஜெட் புத்தகத்தின் முன்னட்டையில், போன வருடத்தைவிட எவ்வளவு டாலர் அதிகம் வசூலாகும், அதில் புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்து எவ்வளவு என்று 18 புள்ளி எழுத்தில் அச்சிட வேண்டும். எழுத்தின் அளவைக்கூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு பட்டிருந்தால் அப்படி எழுதுவார்கள் பாருங்கள்.

அதனால் "விகிதம் ஏறவில்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் ஒரே கேள்வி: நோ நியூ ரெவின்யூ ரேட் எவ்வளவு, நீங்கள் நிறைவேற்றியது எவ்வளவு?

இன்னொரு கோடும் இருக்கிறது, வோட்டர் அப்ரூவல் ரேட். 2019-ல் வந்த சட்டத்துக்கு முன் நகரமும் கவுண்டியும் நடப்புச் செலவுக்கான வரியை 8 சதவீதம் வரை ஏற்றலாம். இப்போது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கடன் தவணைக்கான வரி இதில் சேராது. புதிதாகக் கட்டிய கட்டடங்களிலிருந்து வருவதும் சேராது. வளர்கிற ஊரில் இந்த இரண்டாவது வாசல் பெரிது.

#12 வேலு_பிளேனோ

இதைத்தான் நான் கேட்கிறேன். ஊர் வளர்கிறது, புது வீடுகள் வருகின்றன, வரி கட்டுபவர்கள் கூடுகிறார்கள். அப்படியென்றால் ஆளுக்கு ஆகும் செலவு குறைய வேண்டாமா? அந்த 964 டாலர் எங்கே?

#13 கணக்குப்பிள்ளை

குறைந்துதான் இருக்கிறது, விகிதத்தின் அளவில் பார்த்தால். காலின் கவுண்டியின் விகிதம் பக்கத்துப் பெரிய கவுண்டிகளைவிடத் தாழ்வு. டாலஸில் பார்க்லேண்ட் மருத்துவமனைக்கு என்றே தனி வரி இருக்கிறது, காலினில் அப்படி ஒரு மருத்துவமனை மாவட்டம் கிடையாது. அதைப் பெருமை என்று சிலர் சொல்வார்கள், இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைக்கு எங்கே வைத்தியம் என்று சிலர் கேட்பார்கள். எனக்கு இரண்டாவது கேள்வி கொஞ்சம் உறுத்தும்.

சரி, 964-க்கு வருவோம். பெரும்பகுதி மூன்று இடத்துக்குப் போகிறது: ஷெரிஃப், சிறை, நீதிமன்றம். அதற்கு அப்புறம் சாலை, தேர்தல் நடத்துவது, பிறப்பு இறப்புப் பதிவு, பத்திரப் பதிவு, கடன் தவணை. கவுண்டிக்கு இங்கே விற்பனை வரியில் பங்கு இல்லை. நாம் கடையில் கட்டும் 8.25 சதவீதத்தில் 6.25 மாநிலத்துக்கு, மிச்சம் 2 நகரமும் அது சேர்ந்த அமைப்புகளும் எடுத்துக்கொள்கின்றன. பிளேனோ அதில் ஒன்றை டார்ட் ரயிலுக்குக் கொடுக்கிறது, ஃபிரிஸ்கோவும் மெக்கின்னியும் கொடுப்பதில்லை. எப்படியும் கவுண்டி வந்து நிற்பது சொத்து வரியிடம்தான்.

#14 ஆலன்_அருள்

சிறைக்கா? நான் ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கியதில்லை. யாரோ செய்த தப்புக்கு நான் சாப்பாடு போட வேண்டுமா?

#15 சட்டத்தரணி_வசந்தி

அருள் தம்பி, கவுண்டிச் சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை. வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போடுவது காத்திருப்பவர்களுக்கான சாப்பாடு.

நான் யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்து, இங்கே வந்து மறுபடியும் படித்தவள். நீதிமன்றப் பக்கம் வேலை என்பதால் சொல்கிறேன், இதில் கமிஷனர்கள் கையில் இருப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 48 கைதிகளுக்கு ஒரு காவலராவது இருக்க வேண்டும் என்பது மாநிலச் சிறைத் தர ஆணையத்தின் விதி. ஆள் போதாவிட்டால் சோதனையில் தோற்பார்கள், அப்புறம் கைதிகளை வேறு கவுண்டிக்கு அனுப்பி அங்கே வாடகை கட்ட வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவருக்கு வக்கீல் தருவது அரசியலமைப்புக் கடமை, 1963-லிருந்து. டெக்சஸில் அந்தச் செலவில் பெரும்பங்கு கவுண்டி தலையில்தான், மாநிலம் கொஞ்சமே தருகிறது.

மனநலம் சரியில்லாததால் விசாரணையை எதிர்கொள்ள முடியாது என்று நீதிபதி சொன்னவரை மாநில மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே படுக்கை இல்லை. படுக்கை கிடைக்கும்வரை அவர் கவுண்டிச் சிறையிலேயே கிடப்பார், மாதக்கணக்கில். மாநிலத் தலைநகர் ஆஸ்டின் மிச்சம் பிடிக்கும் காசைக் கவுண்டித் தலைநகர் மெக்கின்னி செலவழிக்கிறது. இதை யாரும் வரிச்சீட்டில் தனி வரிசையாக எழுதுவதில்லை.

#16 ஆலன்_அருள்

இது எனக்குத் தெரியாது அக்கா. ஆனால் அப்படியென்றால் கமிஷனர்கள் உண்மையில் எதைத்தான் முடிவு செய்கிறார்கள்?

#17 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. ஐந்து பேர்: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள். இந்தக் குழுவுக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர், ஆனால் வழக்கு விசாரிக்கும் இடம் இல்லை. ஷெரிஃப், டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, வரி வசூல் அதிகாரி எல்லாரும் தனித்தனியாகத் தேர்தலில் வருபவர்கள். கமிஷனர்கள் ஷெரிஃபை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் அவருக்கு எத்தனை ஆள், எத்தனை வண்டி, என்ன சம்பளம் என்பது அவர்கள் கையில். பணப்பெட்டிச் சாவியைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவிக்கும் ஒரு காவல் உண்டு. கவுண்டி ஆடிட்டரை நியமிப்பது கமிஷனர்கள் அல்ல, டிஸ்ட்ரிக்ட் நீதிபதிகள். அவர் சரிபார்க்காமல் பில் பாஸாகாது.

இந்தச் சாவி எவ்வளவு பலமானது என்பதற்கு நம் கவுண்டியே உதாரணம். மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் மீது 2015-ல் இங்கே பங்குப் பத்திர மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது நினைவிருக்கும். உள்ளூர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி விலகிக்கொண்டதால் சிறப்பு வழக்கறிஞர்களை நியமித்தார்கள், மணிக்கு 300 டாலர் என்று. அந்தக் கட்டணம் கவுண்டி வரிப்பணத்திலிருந்து. முதல் பில் கட்டப்பட்டது. 2017-ல் அடுத்த பில்லைக் கட்ட மாட்டோம் என்று கமிஷனர்கள் மறுத்தார்கள். வழக்கு மாநிலத்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் வரை போய், 2018 நவம்பரில் கமிஷனர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது: நிர்ணயித்த கட்டண அட்டவணையை மீறி நீதிபதி கொடுக்கச் சொல்ல முடியாது. மூல வழக்கு விசாரணைக்கே போகாமல் 2024 மார்ச்சில் உடன்பாட்டில் முடிந்தது.

#18 வேலு_பிளேனோ

அது வரிப்பணத்தைக் காத்ததா, ஆளைக் காத்ததா என்பதையும் சொல்லுங்கள் சார்.

#19 சட்டத்தரணி_வசந்தி

இரண்டு விதமாகவும் பேசலாம் வேலு. 300 டாலர் அந்த மாதிரி வழக்குக்குச் சந்தை விலையை ஒப்பிட்டால் குறைவு. சாதாரணமாக நியமிக்கப்படும் வக்கீலுக்குக் கிடைப்பதை ஒப்பிட்டால் மிக அதிகம். ஒரு பில்லை நிறுத்தினால் வழக்கு வருடக்கணக்கில் நகராது என்பதை எல்லாரும் பார்த்தோம். என்னைக் கேட்டால், செலவைப் பற்றிய எந்த முடிவும் செலவோடு நிற்பதில்லை. அதனால்தான் கூட்டத்தில் காரணத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

#20 நெல்லை_ஃபிரிஸ்கோ

கேட்கலாம், எப்படி? எனக்கு ஓட்டே கிடையாது. ஹெச்1பி. பத்து வருடத்துக்கும் மேலாகப் பச்சை அட்டை வரிசையில் நிற்கிறேன். வரி கட்ட மட்டும் தகுதி.

#21 கோமதி_எஸ்

இதே நிலைமைதான் எங்கள் வீட்டிலும். 2024 நவம்பரில் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் வைத்த நான்கு தீர்மானங்களும் தோற்றன. அதில் மூன்று கடன் பத்திரத்துக்கானவை, சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல். பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை. ஆதரவோ எதிர்ப்போ, எங்கள் கருத்து எந்தப் பெட்டியிலும் விழவில்லை.

#22 சட்டத்தரணி_வசந்தி

ஓட்டு இல்லை, பேச்சு இருக்கிறது. 2019-லிருந்து டெக்சஸ் சட்டப்படி, பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் பேச விரும்புபவருக்கு, அந்த விஷயத்தை எடுப்பதற்கு முன்போ எடுக்கும்போதோ நேரம் தர வேண்டும். விமர்சனம் செய்கிறார் என்பதற்காகத் தடுக்க முடியாது. குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பேசலாம். ஆவணங்கள் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்டு வாங்கலாம், அதற்கும் பச்சை அட்டை தேவையில்லை.

கமிஷனர்கள் ஊரில் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று பார்த்துத்தான் காது கொடுப்பார்கள் என்று சொல்வீர்கள். முழுவதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரி விகிதக் கூட்டத்துக்கு வருகிற ஆள் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணக்கூடியது. அந்த அறையில் நான்கு பேர் ஒரே கேள்வியோடு வந்தால் அதற்கு எடை உண்டு.

#23 ஆலன்_அருள்

கூட்டத்துக்கே கமிஷனர் வராமல் போய்விட்டால்? ஹூஸ்டனில் அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

#24 கணக்குப்பிள்ளை

நடந்தது, 2022-ல், ஹாரிஸ் கவுண்டியில். வேறு வேலைக்கெல்லாம் ஐந்தில் மூன்று பேர் போதும், வரி போட மட்டும் நான்கு பேர் அறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்மொழிந்த விகிதத்தை எதிர்த்த இரண்டு கமிஷனர்கள் வரவே இல்லை. மூன்று பேரால் தீர்மானம் போட முடியவில்லை. விகிதம் தானாக நோ நியூ ரெவின்யூ அளவுக்கு இறங்கியது. போலீஸுக்கும் மருத்துவமனைக்கும் பணம் குறையும் என்று ஒரு பக்கம் கத்தினார்கள், வரி கட்டுபவரைக் காப்பாற்றினோம் என்று இன்னொரு பக்கம். சிறுபான்மை இருவர் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஆஸ்டின் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது.

#25 மெக்கின்னி_மாமா

சாலை விஷயம் யாரும் சொல்லவில்லையே. 380 நெடுஞ்சாலையில் காலையில் நின்று பாருங்கள்.

#26 கணக்குப்பிள்ளை

380 மாநில நெடுஞ்சாலைத் துறை. டால்வே, நார்த் டெக்சஸ் டால்வே அத்தாரிட்டி. இரண்டும் கவுண்டி இல்லை. கவுண்டி கட்டுவது அவுட்டர் லூப் என்ற சுற்றுச்சாலை, அப்புறம் நகர எல்லைக்கு வெளியே உள்ள சாலைகள், நகரங்களோடு பங்கு போட்டுச் செய்யும் சில வேலைகள்.

2023 நவம்பரில் கவுண்டி ஐந்து கடன் பத்திரத் தீர்மானங்கள் வைத்து, ஐந்தும் வென்றன. எல்லாம் சேர்த்துச் சுமார் 68 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் சாலைக்கு. அடுத்த பெரிய பங்கு சிறை, நீதி சார்ந்த கட்டடங்களுக்கு. 2010-ல் 7,82,341 பேர் இருந்த கவுண்டியில் 2020 கணக்கெடுப்பில் 10,64,465 பேர். பத்து வருடத்தில் இத்தனை பேர் வந்தால் சாலையும் சிறையும் நெரியத்தான் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டுப் போட்டு வாங்கும் கடன் நமக்குத் தெரிகிறது. ஓட்டில்லாமல் வாங்கும் கடனும் இருக்கிறது, சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன் என்று. அறிவிப்பு ஒன்று போடுவார்கள். வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால்தான் அது வாக்கெடுப்புக்கு வரும். பத்து லட்சம் பேர் உள்ள ஊரில் அந்த 5 சதவீதத்தை யார் திரட்டுவது? உங்கள் நகரமோ கவுண்டியோ இந்த வழியில் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

#27 பழைய_பிளேனோ

என் வயதுக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால்: 65 ஆனதும் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பள்ளி வரிக்கு 1,40,000-க்கு மேல் இன்னும் 60,000 விலக்கு. அதோடு பள்ளி வரித் தொகை அந்த வருடத்தோடு உறைந்துவிடும், வீட்டைப் பெரிதாக்கினால் தவிர ஏறாது. எனக்கு ஓட்டு இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆகஸ்டில் யாராவது என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் நான் போய்ப் பேசத் தயார்.

#28 நெல்லை_ஃபிரிஸ்கோ

ஐயா, அப்படியே நடக்கட்டும். என் பழைய கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புதிது இவ்வளவுதான், திருத்தம் சொல்லுங்கள்:

"மதிப்புக்குரிய கமிஷனர் அவர்களுக்கு. வரும் பட்ஜெட்டில், நோ நியூ ரெவின்யூ விகிதத்துக்கு மேல் நீங்கள் வசூலிக்கும் பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு சிறைக்கும் நீதிமன்றத்துக்கும், எவ்வளவு மற்றவற்றுக்கு? மாநில மருத்துவமனைப் படுக்கைக்காகச் சிறையில் காத்திருப்பவர்களுக்குக் கவுண்டி ஒரு வருடத்தில் செலவழித்தது எவ்வளவு, மாநிலம் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? வாக்கெடுப்பு இல்லாமல் வாங்கிய கடன் இப்போது எவ்வளவு நிலுவையில் உள்ளது?"

#29 சட்டத்தரணி_வசந்தி

நன்றாக இருக்கிறது. இரண்டாவது கேள்வியை உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பதில் சொல்ல வேண்டியவர் அங்கேதான் இருக்கிறார். இன்னொரு செய்தி: 2025 செப்டம்பரிலிருந்து கூட்ட அறிவிப்பை மூன்று வேலை நாள் முன்பே ஒட்ட வேண்டும். பட்ஜெட் பேசும் கூட்டம் என்றால், நடுத்தர மதிப்புள்ள வீட்டுக்கு இப்போதைய வரி எவ்வளவு, முன்மொழிந்த பட்ஜெட்டில் எவ்வளவு, நோ நியூ ரெவின்யூ அளவில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும். பழைய_பிளேனோ ஐயா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

#30 வேலு_பிளேனோ

நானும் வருகிறேன். ஆனால் திங்கள்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான் என்பதையும் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#31 கணக்குப்பிள்ளை

அது நான்காவது கேள்வியாக இருக்கட்டும், நியாயமானது. உங்கள் முகவரிக்கு எந்த அமைப்பு என்ன விகிதம் முன்மொழிகிறது, கூட்டம் எங்கே எப்போது என்பது ஆகஸ்டில் கவுண்டியின் ட்ரூத் இன் டாக்ஸேஷன் தளத்தில் வீடு வாரியாக வந்துவிடும். நான் அப்போது இந்த இழையில் இணைப்பைப் போடுகிறேன்.

கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரியை ஜனவரி 31-க்குள் கட்டிவிடுங்கள். பிப்ரவரி 1 ஆனால் அபராதம் 6, வட்டி 1, மொத்தம் 7 சதவீதம் சேரும், மாதா மாதம் ஏறும். பேங்க் எஸ்க்ரோவில் கட்டும் என்று நம்பி இருப்பவர்களும் கவுண்டித் தளத்தில் "கட்டியாயிற்று" என்று வந்திருக்கிறதா என்று டிசம்பர் கடைசியில் ஒருமுறை பாருங்கள். லோனை வேறு கம்பெனிக்கு விற்ற வருடத்தில் இரண்டு கம்பெனியும் மற்றவர் கட்டுவார் என்று இருந்துவிடுவது உண்டு.

#32 மெக்கின்னி_மாமா

என் லோனை செப்டம்பரில்தான் விற்றார்கள். இப்போதே போய்ப் பார்க்கிறேன்.